ஓடைக்கு இரண்டு பக்கமும் ஒரு வான்

மரக்கறி வான் ஓட்டுகிறவனுக்கு முன்னால் கிடக்கும் வீதியைவிடப் பின்னால் கிடக்கும் வெறும் பெட்டிகள்தான் அதிகம் பயம் தரும். ஒவ்வொரு பள்ளத்திலும் அவை ஒன்றோடொன்று மோதி, இன்றைக்கும் உன் வான் நிறையவில்லை என்று சொல்லிக்கொண்டே வரும்.

ஐம்பது வயதுக்குப் பிறகு ஸ்டியரிங் பிடித்தவர்கள், ஊரில் நாற்காலியில் இருந்து கையெழுத்து வைத்துவிட்டு இங்கே வந்து பெட்டி தூக்குகிறவர்கள், இவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லையும் தாண்டி வடக்கே இருக்கும் தோட்டங்களிலிருந்து மரக்கறி ஏற்றி, ஸ்காபரோவில் இருக்கும் தமிழ்க் கடைகளுக்குக் கொண்டுவருவது என் வேலையாக இருந்தது. அங்கே ஓர் ஓடை. ஓடைக்குக் கிழக்கே ஓர் ஊர், மேற்கே ஓர் ஊர். பெயர் சொல்லமாட்டேன். இரண்டு ஊரிலிருந்தும் இன்னும் எனக்குக் கிறிஸ்மஸ் கார்டு வருகிறது. எந்த ஊரின் பெயரை முதலில் எழுதினாலும் மற்ற ஊரிலிருந்து கார்டு நின்றுவிடும்.

பாலத்தடியில் ஒரு பழைய குளிர் அறை. ஒரு காலத்தில் அப்பிள் வைப்பதற்காக இரண்டு ஊர்த் தகப்பன்மாரும் சேர்ந்து கட்டியது. அதற்குக் கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு. நடுவில், சீமெந்துத் தரையில், சிவப்புப் பெயின்ரால் ஒரு கோடு; கிழக்கூர்ப் பெட்டி அந்தப் பக்கம், மேற்கூர்ப் பெட்டி இந்தப் பக்கம். இந்தத் துணுக்குகள் எல்லாம் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் நடந்தன.

வேலை கிடைத்த விதம்

குளிர் அறையின் இப்போதைய சொந்தக்காரி மார்கரெட், எழுபதைத் தாண்டிய விதவை; அவருடைய கணவர் அதைப் பின்னாளில் விலைக்கு வாங்கியிருந்தார். முதல் நாளே கதவைத் திறந்து அறையைக் காட்டினார். பள்ளிக்கூட மண்டபம் அளவு இடத்தில் ஒரு மூலையில் பத்துப் பெட்டி பீற்றூட், எதிர் மூலையில் எட்டுப் பெட்டி முட்டைக்கோவா. "வீடு கட்டுகிற கொம்பனிக்காரர் இரண்டு தரம் வந்து போய்விட்டார்கள். ஒரு கோடை பார்க்கிறேன். ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங் விழா வருவதற்கு முன் ஒரு நாளாவது இந்த அறை கதவு வரை நிறையவேண்டும். நிறையாவிட்டால் விற்றுவிடுவேன்" என்றார். குளிர் அறை போனால் வான் போகும், வான் போனால் நான் போவேன். எனக்குப் பின்னால் அந்தத் தோட்டங்களும் போகும். தனித்தனியே நகரத்துக்கு ஒரு வான் மரக்கறி அனுப்புமளவுக்கு அங்கே ஒருவரிடமும் விளைச்சல் இல்லை.

தன் வானைப் பின்பக்கமாக எடுத்துக் கதவடியில் நிறுத்திக் காட்டச் சொன்னார். எனக்கு முன்னால் ஓட்டத் தெரியும். பின்னால் எடுப்பது அன்றும் வராது, அடுத்த பல மாதங்களுக்கும் வரவில்லை. நான் எடுத்த எடுப்பில் வாசல் தூண் சற்றுச் சாய்ந்தது. வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். மார்கரெட் தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். கூட்டுறவுப் பரிசோதகர், இருபது வருடம் ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களைச் சேர்ந்து நடக்கச் சொல்வது என் வேலை என்றேன். அவர் குளிர் அறைத் திறப்புக் கொத்தை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "அப்படியென்றால் சண்டை நிறையப் பார்த்திருப்பீர்கள். திங்கட்கிழமை வாருங்கள்."

டக்கின் பெரிய வெண்டிக்காய்

கிழக்கூர் டக், தொப்பியைக் கழற்றாமல் சாப்பிடுகிற, சத்தமாகச் சிரிக்கிற மனிதர். தமிழ்க் கடைகளுக்கு வெண்டிக்காய் வேண்டும் என்று நான் சொன்னதும் விதை எடுப்பித்து, அரை ஏக்கரில் போட்டார். அந்தப் பக்கத்து ஊர்களில் இலையுதிர் காலத்தில் ஒரு பெருவிழா நடக்கும். பெரிய பூசணிக்கு ஒரு ரிபன், பெரிய கோவாவுக்கு ஒரு ரிபன். பிறந்ததிலிருந்து அந்த ரிபன்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு, காய் என்றால் பெரிதாக இருக்கவேண்டும். ஆகவே வெண்டிக்காயை அவர் வளரவிட்டார். ஒவ்வொன்றும் என் முழங்கையில் பாதி. இருபது பெட்டி. என்னிடம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "எப்படி?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இது முற்றல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்ல பெரிசு" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் பொய் இல்லாததைச் சொல்லித் தப்பிக்கிற பழக்கம் என்னிடம் எப்போதிலிருந்து இருக்கிறது என்று அன்று வழி முழுவதும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஸ்காபரோவில் யோகன் கடை. கடை திறக்கும்போதே வந்து நிற்பவர் அன்னமக்கா. அவர் வாங்கினால்தான் மற்றப் பெண்கள் வாங்குவார்கள். யோகனே அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் விலைப்பலகை எழுதுவான். அன்னமக்கா ஒரு வெண்டிக்காயை எடுத்து, பெருவிரலால் நுனியை அமத்தினார். வளைந்தது, முறியவில்லை. இன்னொன்று. அதுவும் வளைந்தது. ஐந்தாறைச் சோதித்துவிட்டு, கடைசியில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து முழங்காலில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டார்: "தம்பி, உது கறிக்கோ, அடுப்புக்கோ?"

நுனி முறித்தல்

இருபது பெட்டியும் திரும்பிப் போயின. டக் என்னை நம்பவில்லை. தானே பார்க்கவேண்டும் என்று அடுத்த நடையில் வானில் ஏறிவிட்டார். இந்தமுறை சிறியவையும் சில பெட்டிகளில் இருந்தன. கடையில் அன்னமக்காவும் வேறு நாலைந்து பெண்களும் வெண்டிக்காயைச் சுற்றி நின்று படக், படக் என்று நுனி முறிக்கத் தொடங்கினார்கள். முறிந்தவை பைக்குள், முறியாதவை பெட்டிக்குள். டக்கின் முகம் சிவந்துவிட்டது. "என் காயை உடைக்கிறார்கள்! உடைத்துவிட்டு வாங்காமல் போகிறார்கள்!" நான் விளங்கப்படுத்த முன்னமே அன்னமக்கா அவர் கையைப் பிடித்து, ஓர் இளங்காயை விரலிடையில் வைத்து முறிக்கச் செய்தார். சத்தம் வந்தது. ஒரு முற்றலை வைத்தார். சத்தம் வரவில்லை. இரண்டுபேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, தேவையும் இருக்கவில்லை. டக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருடைய தலையை நான் கண்டது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த நடைக்கு டக் பதினைந்து பெட்டி ஏற்றித் தந்தார். எல்லாம் விரல் நீளம், எல்லாம் பிஞ்சு. நான் சந்தோஷத்தில் உள்ளே சரியாகப் பார்க்கவில்லை. கடையில் மூடியைத் திறந்தால், பதினைந்து பெட்டியிலும் ஒரு காய்க்குக்கூட நுனி இல்லை. மனிதர் தோட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் முறித்துச் சோதித்து, தேர்வு எழுதிப் பாஸான காய்களை மட்டும் அனுப்பியிருக்கிறார். முறித்த இடம் கறுக்கத் தொடங்கியிருந்தது. யோகன் தலையில் கை வைத்தான். அன்னமக்கா பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. "எனக்கு முறிக்க ஒண்டையும் மிச்சம் வைக்கேல்லையே இந்த மனுசன்!"

வில்லெமின் களை

மேற்கூர் வில்லெம், ஒல்லாந்து வழி வந்தவர். அவர் தோட்டத்தில் ஒரு கல் இடம் மாறிக் கிடக்காது. ஒருநாள் அவர் வரப்பில் களை பிடுங்கிக் குவித்திருந்தார். நான் வானை நிறுத்தினேன். தண்டில் இலேசான சிவப்பு, இலை அகலம். எங்களுடைய முளைக்கீரைக்கு ஒன்றுவிட்ட தம்பி. மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன்; அடிக்கவில்லை, கையால்தான் பிடுங்குகிறேன் என்றார். அதை எனக்குத் தரமுடியுமா என்றேன். ஆடு வளர்க்கிறீர்களா என்று கேட்டார். அரை மணித்தியாலத்தில் யோகன் கடையில் அந்தக் குவியல் முடிந்துவிட்டது. திரும்பி வந்து சொன்னபோது வில்லெம் மண்வெட்டியை மண்ணில் ஊன்றினார். "முப்பது வருடம் இந்தச் செடியோடு சண்டை பிடித்தேன். நீங்கள் கொஞ்சம் முந்தி இந்த நாட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?"

களை கேட்டுப் போன கதை

யோகன் தினமும் கீரை கேட்டான். அவனைப் பார்த்து மற்றக் கடைகளும் கேட்டன. வில்லெமிடம் இரண்டு கிழமையில் களை தீர்ந்துவிட்டது. முப்பது வருடம் சுத்தமாக வைத்திருந்த மண்ணில் அதற்குமேல் முளைக்கவில்லை. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம், டக்கின் தோட்டத்தில், இடுப்பளவுக்கு நின்றது. டக்கின் களை மேற்கூரில் ஒரு பழைய பகிடி. தேவாலய வாசலில், பேக்கரியில், முடி வெட்டுகிற இடத்தில், எங்கும் சிரிப்பார்கள். அதிகம் சிரித்தவர் வில்லெம்.

டக்கிடம் கீரை இருந்தது. கழுவத் தொட்டி இல்லை, கட்ட ஆள் இல்லை. வில்லெமிடம் நீர்த்தொட்டி இருந்தது, நீளமான மேசை இருந்தது, கட்டுவதற்கு மனைவியும் மருமகளும் இருந்தார்கள், கீரை இல்லை. இரண்டுபேருக்கும் இது தெரியும். ஒருவரும் பாலத்தைக் கடக்கவில்லை. நான் இருவரிடமும் மற்றவர் உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார் என்று சொல்லிப் பார்த்தேன். இருவரும் நம்பவில்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வில்லெம் தானாகவே என் வானில் ஏறி உட்கார்ந்து, பெல்ற்றைப் போட்டு, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாலத்தைக் கடந்தேன். டக்கின் வாசலில் இறங்கி, உங்கள் களை எனக்கு வேண்டும் என்று நேராகக் கேட்டார். டக் சிரிக்கவில்லை. மிகவும் பணிவாக, எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். வில்லெம் தோட்டத்தைப் பார்க்க முன்னால் நடந்ததும் டக் என் தோளைப் பிடித்து மெல்லச் சொன்னார்: "இதை மார்கரெட்டிடம் சொல்லுங்கள். ஆறுதலாக, முதலிலிருந்து சொல்லுங்கள். சொல்லும்போது நானும் பக்கத்தில் நிற்கவேண்டும்."

தரையில் ஒரு கோடு

அதற்குப் பிறகு பெட்டிகள் குழம்பத் தொடங்கின. கிழக்கில் வெட்டி மேற்கில் கழுவிய கீரையைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது? முதல் நாள் நான் சரியாகக் கோட்டின்மேல் வைத்தேன். பரிசோதகராக இருந்தவனுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் இரண்டு, மரக்கறி கொண்டுபோகச் சேர்ந்து ஒரு லொறி எடுக்க விரும்பி என்னிடம் விண்ணப்பம் தந்தன. இரண்டு ஊருக்கும் கோயில் திருவிழாவில் தொடங்கிய பகை இருந்தது. ஆனாலும் கேட்டு வந்தார்கள். நான் ஒரு நாள்கூடப் போய்ப் பேசிப் பார்க்கவில்லை. மழைக்காலம், சைக்கிளில் போக ஒரு பஞ்சி, வெறும் சோம்பல். "நடைமுறைக்கு ஒவ்வாது" என்று எழுதி அனுப்பிவிட்டேன். லொறி வரவில்லை. சேர்ந்து நடவுங்கள் என்று மேடையில் பேசிச் சம்பளம் எடுத்தவன், சேர வந்தவர்களைப் பிரித்துவிட்டான். பின்னால் வந்த போரில் இரண்டு ஊரும் இடம்பெயர்ந்தன. லொறி கிடைத்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னை விடாமல் வைத்திருந்தது.

கீரைப் பெட்டிகளைக் கோட்டின்மேல் பார்த்த மார்கரெட்டிடம், இந்தக் கோடு எப்படி வந்தது என்று கேட்டேன். ஒருவருக்கும் காரணம் நினைவில்லை என்றார். ஏதோ ஹொக்கிப் போட்டியாக இருக்கலாம். இரண்டு ஊர்ச் சண்டையை நிறுத்தத் தன் கணவர் ஒரே நாளில் போட்ட கோடு என்றார். அழித்துவிடட்டுமா என்றேன். பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த வில்லெம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கோட்டை ஏன் அழிக்கவேண்டும்? அதற்கு மேலே அடுக்கினால் தானாகவே தெரியாமல் போய்விடும்."

பனி எச்சரிக்கை

அப்படியும் அறை பாதிக்கு மேல் நிறையவில்லை. பறித்ததை உடனுக்குடன் நான் நகரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறேன். பிறகு அறை எப்படி நிறையும்? தாங்ஸ்கிவிங்குக்கு இரண்டு கிழமைகூட இல்லாதபோது, ஒரு வியாழக்கிழமை, சனி இரவு உறைபனி விழும் என்று வானொலி சொன்னது. வெண்டி, கத்தரி, பச்சை மிளகாய், பயற்றங்காய், பூசணி எல்லாம் கொடியிலும் செடியிலும் நிற்கின்றன. ஒரு இரவு போதும், எல்லாம் கறுத்துவிடும். ஓடைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் அத்தனை கைகளும் சேர்ந்தாலும் சனி மாலைக்குள் பறித்து முடிக்கமுடியாது. டக் சமையலறையில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். வழமையான சத்தச் சிரிப்பு அன்று இல்லை.

ரொறன்ரோவில், நாங்கள் விட்டு வந்த ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். நான் லொறி மறுத்த அந்த இரண்டு ஊர்களுக்கும் தனித்தனிச் சங்கம் இருந்தது. கோடை ஒன்றுகூடலை வேண்டுமென்றே ஒரே நாளில் வேறு வேறு பூங்காவில் வைப்பார்கள். பஸ் பிடிப்பது, சோறு சமைத்து எடுப்பது, நூறுபேரை ஓரிடத்தில் கூட்டுவது, இவற்றை அவர்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அவர்களிடம் கேட்பதற்கு எனக்கு முகம் இல்லை. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஒரு தேநீர் ஆறும்வரை இருந்தேன். பிறகு ஒரு சங்கத்தின் தலைவர் மகாலிங்கத்துக்கு எடுத்து, பெயரைச் சொல்லி, விஷயத்தைச் சொல்லி, மற்றச் சங்கத்தையும் கேட்கப்போகிறேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "பரிசோதகர் ஐயாவோ? நீங்கள்தானே எங்கட ரெண்டு ஊருக்கும் ஒரு லொறி சரிவராது எண்டு எழுதினது? இப்ப ரெண்டு ஊரையும் ஒரு தோட்டத்துக்கு வரச் சொல்லுறியள், என்ன... சரி, எத்தினை மணிக்கு வரவேணும்?"

இரண்டு பஸ்

சனிக்கிழமை காலை டக்கின் தோட்டத்துக்கு இரண்டு மஞ்சள் பஸ் வந்தன. ஒரு பஸ் வந்து நின்றதும் மற்றது முப்பது யார் தள்ளிப்போய் நின்றது. இறங்கியவர்கள் இரண்டு கூட்டமாக, இரண்டு சோற்றுக் கிடாரத்தோடு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். குளிருக்குக் காதுவரை தொப்பி, காலில் ஓடுகிற சப்பாத்து. மேற்கூர் ஆட்களும் பாலத்தைக் கடந்து வந்து, டக்கின் ஆட்களிடமிருந்து சற்று விலகி நின்றார்கள். நாலு கூட்டம், நடுவில் நான். என் வாழ்க்கையில் நான் எழுதிய அறிக்கைகள் எல்லாம் எழுந்து வந்து நிற்பதுபோல் இருந்தது.

டக் என் பக்கத்தில் வந்து, உங்கள் ஆட்கள் ஏன் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்று கேட்டார். அவர்கள் வேறு வேறு ஊர் என்றேன். எவ்வளவு தூரம் என்றார். நடுவில் ஒரு வயல்வெளி மட்டும்தான் என்றேன். டக் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், வில்லெமைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். "பக்கத்து ஊரா? போதும், இனி ஒன்றும் சொல்லத் தேவையில்லை."

அன்னமக்காவின் வகுப்பு

அந்த நாலு கூட்டத்தையும் வேலைக்குப் பிரித்துவிட்டது யார் என்று கேட்டால் அன்னமக்கா. அவர் எந்தச் சங்கத்திலும் இல்லை. யோகனின் காரில் தானாக வந்திருந்தார். வெண்டித் தோட்டத்தின் தலைமாட்டில் நின்று, இரண்டு பஸ் ஆட்களையும் கிழக்கையும் மேற்கையும் கலந்து வரிசைக்கு இரண்டுபேராக இறக்கினார். உயரமானவர்கள் பயற்றங்காய்க்கு, முழங்கால் நோ உள்ளவர்கள் மிளகாய்க்கு, குனியக்கூடியவர்கள் கத்தரிக்கு. ஊர் என்னவென்று ஒருவரையும் கேட்கவில்லை. மகாலிங்கமும் மற்றச் சங்கத் தலைவரும் ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டார்கள். முதல் ஒரு மணித்தியாலம் ஆளுக்காள் முதுகைக் காட்டிக்கொண்டு பறித்தார்கள். பிறகு யாருடைய பெட்டி முதலில் நிறைகிறது என்று போட்டி தொடங்கியது. அதற்குப் பிறகு வாய் ஓயவில்லை. மத்தியானம் இரண்டு கிடாரமும் ஒரே மேசையில் இருந்தன; எந்தச் சோறு எந்த ஊருடையது என்று தெரியாமல் டக் இரண்டிலும் மூன்று தரம் சாப்பிட்டார்.

பின்னேரம் வெயில் சாயத் தொடங்கியது. வரிசைகளின் முடிவு தெரிந்தது. டக்கின் மகளும் வில்லெமின் மருமகளும் ஒரே ட்ரக்டரில் பூசணி ஏற்றிக்கொண்டு போனார்கள். நுனி முறிப்பதை நான் காணாமல் இருக்க அன்னமக்கா வேறு பக்கம் திரும்பினார். ஆனால் சத்தம் கேட்டது. ஒரு காயை எனக்கு நீட்டி, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போலச் சொன்னார்: "ஒண்டே ஒண்டுதான் தம்பி. தோட்டத்திலையே முறிக்கிறது வேற ருசி."

கதவு

கடைசி நடைக்கு நான் வானைக் குளிர் அறைக்குப் பின்பக்கமாக எடுக்கவேண்டியிருந்தது. நூற்றைம்பதுபேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நாலு ஊர் ஆட்கள். வழமையாகக் கிழக்கு ஆள் வலம் என்று கத்த, மேற்கு ஆள் இடம் என்று கத்த, நான் தூணில் இடிப்பேன். அன்று ஒருவரும் கத்தவில்லை. டக் ஒரு பக்கம் கையைத் தூக்கினார், வில்லெம் மறுபக்கம் கையைத் தூக்கினார். இரண்டு கையும் ஒரே திசையைக் காட்டின. வான் நேராகப் போய்க் கதவடியில் நின்றது. பின்னால் ஒரு பெட்டிகூட ஆடவில்லை. ஆட இடம் இருக்கவில்லை.

உள்ளே பெட்டிகள் கூரை வரை. கத்தரி, மிளகாய், பீற்றூட், கோவா, மூலை மூலையாகப் பூசணி. சிவப்புக் கோட்டை நான் தேடினேன். எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கடைசி நாலு பெட்டி மிளகாயை வைக்க இடமில்லாமல் மகாலிங்கம் வாசற்படியில் வைத்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "ஐயா, இதை நடைமுறைக்கு ஒவ்வும் எண்டு எழுதலாமோ?" என்றார். சிரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்தப் பஸ்ஸா, மற்றப் பஸ்ஸா என்று நான் கவனிக்கவில்லை.

மார்கரெட் மேலங்கி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கிழக்குக் கதவைச் சாத்தத் தள்ளிப் பார்த்தார். பெட்டியில் இடித்து நின்றது. சுற்றிப்போய் மேற்குக் கதவைத் தள்ளிப் பார்த்தார்; அதுவும் நின்றது. தாங்ஸ்கிவிங்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எல்லாரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வீடு கட்டுகிறவர்களுக்கு நாளைக்கே போன் பண்ணிச் சொல்லுங்கள். கதவு சாத்த முடியாத கட்டடத்தை நான் எப்படி விற்பது?"

அன்றிரவு பனி விழுந்தது, வெறும் செடிகளின்மேல். அடுத்த கோடையில் நாங்கள் இரண்டாவது வான் வாங்கினோம். இருபது வருடம் மேடை ஏறி நான் சாதிக்காத கூட்டுறவை வெண்டிக்காய் நுனி முறிக்கும் ஓர் அக்காவும், யாரும் பிடுங்காமல் விட்ட களையும், வானொலியில் வந்த ஒரு வரியும் சேர்ந்து நடத்தி முடித்துவிட்டன. அதில் என் பங்கு என்ன என்று யாராவது கேட்டால், வானைப் பின்பக்கமாக ஒரு தரம் நேராக எடுத்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்வேன்.